பழைய வீட்டை விற்பவருக்கும் பாதுகாப்பு வேண்டும்: ரெரா குழுமத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமம்,
எழும்பூர், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

சென்னையில் தாம் குடியிருக்கும் வீட்டை விற்க முன்வரும் ஒருவர், அதை விற்றுத் தரும் தரகரைத் தேர்ந்தெடுக்கும்போது, எந்த அரசு அமைப்பின் துணையும் இல்லாமல் தனித்து நிற்கிறார். அதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இம்மடலை எழுதுகிறேன். மேற்கு மாம்பலத்தில் ஓர் அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கத்தில் பல ஆண்டுகளாகப் பொறுப்பில் இருப்பவன் நான். எங்கள் பகுதியில் வீடு விற்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ நிலைத்துவிட்டார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாம் மாடிக்கு ஏற முழங்கால் இடம் கொடுப்பதில்லை. கணவரோ மனைவியோ காலமான பிறகு அத்தனை பெரிய வீட்டில் தனியே இருக்க முடிவதில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு முறை வீடு வாங்கியவர்கள் இவர்கள். விற்பதும் ஒரே ஒரு முறைதான். எதிரில் அமர்ந்து பேசுகிறவரோ மாதந்தோறும் அதையே தொழிலாகச் செய்கிறவர். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யத்தான் சட்டம் வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 'ரெரா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, முகவர்கள் தங்களிடம் பதிவு பெற வேண்டும் என்கிறது. பதிவில்லாமல் தொழில் செய்பவருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து விலையில் 5 விழுக்காடு வரை அபராதம் விதிக்க 62-ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஆனால் 9-ஆம் பிரிவை முழுவதும் படித்தால், 3-ஆம் பிரிவின் கீழ்ப் பதிவான ஒரு திட்டத்தில் கட்டுநர் நேரடியாக விற்கும் மனைக்கும் வீட்டுக்கும் மட்டுமே அது பொருந்தும் என்பது தெரியவரும். முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய அடுக்ககத்தில் ஒரு வீட்டை அதன் உரிமையாளர் மறுவிற்பனை செய்யும்போது, நடுவில் நிற்கும் தரகரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் அந்தப் பிரிவில் இல்லை.

பழைய கட்டடங்களோடு இந்த இடைவெளி முடிந்துவிடவும் இல்லை. நிலப்பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டாத திட்டங்களுக்கும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களுக்கும் சட்டம் பதிவிலிருந்து விலக்கு அளிக்கிறது. சென்னையின் நில அளவை வைத்துப் பார்த்தால் இதன் வீச்சு புரியும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. இரண்டு கிரவுண்டு மனை ஏறத்தாழ 446 சதுர மீட்டர்தான். மாம்பலம், நங்கநல்லூர், கே.கே. நகர், மயிலாப்பூர் எங்கும் பழைய தனி வீட்டை இடித்துவிட்டு ஆறு வீடு, எட்டு வீடு எனக் கட்டுவது இந்த அளவு மனைகளில்தான். ஆக, நகரின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் அடுக்ககங்களில் பெரும்பகுதி புதிதாக விற்கப்பட்டபோதும் தங்கள் எல்லைக்குள் வரவில்லை; இன்று மறுவிற்பனையாகும்போதும் வருவதில்லை.

இதில் எனக்கு அதிகக் கவலை தருவது ஒரு தவறான நம்பிக்கை. புதிய திட்டங்களுக்காகத் தங்களிடம் பதிவு பெற்ற முகவர்கள் பலர் மறுவிற்பனையும் செய்கிறார்கள். அவர்களுடைய முகவரி அட்டையில் ரெரா பதிவு எண் அச்சாகியிருக்கிறது. அதைப் பார்க்கும் முதியவர், "கவர்ன்மென்ட்டில் பதிவானவர்தானே, ஏதாவது தப்பு நடந்தால் எழும்பூருக்குப் போய்ச் சொல்லலாம்" என்று நினைத்துக்கொள்கிறார். தம் பழைய வீட்டின் விற்பனைக்கு அந்த எண்ணால் ஒரு பாதுகாப்பும் இல்லை என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை. தங்கள் குழுமத்தின் பெயரே, குழுமம் செல்ல முடியாத இடத்தில் நம்பிக்கைக்கு அடமானமாகிறது.

தரகு எப்படி நடக்கிறது என்பதற்கு எங்கள் அடுக்ககத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கணவரை இழந்த ஓர் அம்மா, மகளோடு போய் இருப்பதற்காக வீட்டை விற்க முடிவு செய்தார். வந்த தரகர் விலை என்ன என்று கேட்கவில்லை. "உங்க கைக்கு எவ்வளவு வரணும்மா, அதை மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார். அந்த அம்மா 72 லட்சம் என்றார். அது கிடைத்தது. ஒரு விழுக்காடு கமிஷனும் கொடுத்தார். பத்திரம் பதிவாகி, வாங்கியவர்கள் புதுமனை புகுவிழாவுக்கு எங்களையெல்லாம் அழைத்திருந்தார்கள். பந்தியில் பேச்சுவாக்கில் வாங்கியவர், "78-க்கு இந்த ஏரியாவில் இது நல்ல விலைதான்" என்றார். இடையில் இருந்த ஆறு லட்சம் ரொக்கமாகத் தரகரிடம் தரப்பட்டிருந்தது. அது விற்பவருக்குப் போய்ச் சேரும் பணம் என்றே வாங்கியவர் நம்பியிருந்தார். இருவரிடமும் கமிஷன் வாங்கியது போக, இந்த ஆறு லட்சம்.

இந்த முறைக்குத் தொழிலில் 'நெட் ரேட்' என்று பெயர். விற்பவர் தமக்கு வேண்டிய தொகையைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் வருவது தரகருக்கு. இது சாதாரணமாக, யாரும் கூச்சப்படாமல் பேசும் பேச்சாகிவிட்டது. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு, முகவர் தம்மை அமர்த்தியவருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்கிறது. 216-ஆம் பிரிவு, அமர்த்தியவருக்குத் தெரியாமல் முகவர் அந்த வியாபாரத்தில் தமக்கென ஆதாயம் தேடிக்கொண்டால், அந்த ஆதாயத்தை அமர்த்தியவர் கேட்டுப் பெறலாம் என்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளாக இருக்கும் பிரிவுகள் இவை. எழுத்தில் ஒரு வரி ஒப்பந்தமும் இல்லாமல், ரொக்கமாகக் கைமாறிய பணத்துக்கு, எழுபது வயதில் ஒருவர் உரிமையியல் நீதிமன்றத்தில் எப்படி வழக்காடுவார்? அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால் பெற்ற தொகைக்கு ஈடான அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு என்பதால், தாம் பார்த்தேயிராத ரொக்கத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டிய நிலையும் விற்பவருக்கு வரக்கூடும். அந்த அம்மா எங்கும் போகவில்லை. "போனது போகட்டும்" என்றார். ஆறு லட்சத்தை அவர் அப்படி விட்டுவிட நேர்ந்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

விலை விஷயத்தில் இதற்கு நேர்மாறான வழக்கமும் உண்டு. வீட்டைத் தம்மிடம் ஒப்படைக்க வைப்பதற்காக, வந்த அன்றே எல்லோரையும்விடக் கூடுதலான விலையைச் சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். ஒரு மாதம் போன பின், "பார்ட்டி அவ்வளவுக்கு வரமாட்டேங்கறாங்க சார்" என்று கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். இதற்குள் விற்பவர் வேறு ஊரில் வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருப்பார். இறங்கித்தான் ஆக வேண்டும். அக்கம்பக்கத்தில் அண்மையில் எந்த விலைக்கு விற்றது என்பதை அறிய மக்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதே கட்டடத்தில் நடந்த விற்பனைகளின் தேதியும் ஆவணத்தில் காட்டிய தொகையும் அதில் இருக்கும். ஆவணத் தொகை உண்மை விலையைவிடக் குறைவாக இருப்பது நம் ஊரில் பழகிப்போனது என்றாலும், அதற்குக் கீழே போகக் கூடாது என்ற ஓர் அடிக்கோடாவது கிடைக்கும். இந்த வழி தெரிந்தவர்கள் மிகக் குறைவு. தெரிந்த தரகர்கள் சொல்வதும் இல்லை.

நல்ல தரகரை அடையாளம் காண முடியாதா என்றால், முடியும். நல்லவர் வந்ததும் கூடத்தின் அகலத்தையும் மொசைக் தரையையும் பார்த்துவிட்டு விலை சொல்ல மாட்டார். தாய்ப்பத்திரம் கையில் இருக்கிறதா, பட்டா யார் பெயரில் இருக்கிறது, பிரிக்கப்படாத மனைப் பங்கு (அடுக்ககம் நிற்கும் மனையில் இந்த வீட்டுக்குரிய பங்கு) எத்தனை சதுர அடி, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) அனுமதித்த வரைபடத்துக்கும் கட்டடத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா, வாரிசுகள் எத்தனை பேர் என்று வரிசையாகக் கேட்பார். பழைய அடுக்ககத்தின் விலையில் பெரும்பகுதி மனைப் பங்கில்தான் இருக்கிறது என்பதையும், வரைபடத்தை மீறிய தளம் ஒன்று இருந்தால் வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம் என்பதையும் அறிந்தவர் அவர். கமிஷன் எவ்வளவு, அதை எப்போது தர வேண்டும், வாங்குபவரிடமும் வாங்குவாரா என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார். யார் சார்பில் வருகிறார் என்பதையும் மறைக்க மாட்டார். இது இப்போது முன்னைவிட முக்கியமாகிறது. 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்றிருக்க, பழைய அடுக்ககங்களில் வீடு கேட்டு வரும் சில தரகர்களுக்குப் பின்னால் ஒரு கட்டுநர் இருப்பதை நாங்கள் பார்க்கிறோம். அது குற்றமில்லை. ஆனால், தமக்காகப் பேசுவதாக விற்பவர் நம்பும் ஒருவர் கட்டுநருக்காகப் பேசிக்கொண்டிருந்தால், அதை அறியும் உரிமை விற்பவருக்கு உண்டு.

ஆவணங்கள் படும் பாட்டையும் சொல்லியாக வேண்டும். "பார்ட்டிகிட்ட காட்டணும், ஒரு செட் ஜெராக்ஸ் கொடுங்க" என்று கேட்டு வாங்கிய கிரயப் பத்திர நகல், உரிமையாளரின் புகைப்படமும் கையொப்பமும் விரல் ரேகையும் ஆதார் எண்ணும் தெரிய, நூற்றுக்கணக்கானோர் இருக்கும் தரகர்களின் வாட்ஸ்அப் குழுவில் பி.டி.எஃப். கோப்பாகச் சுற்றிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை அனுப்பியவர் யார், அவருக்கு அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆள்மாறாட்டப் பத்திரப் பதிவு எத்தனை குடும்பங்களை நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கிறது என்பது தங்களுக்குத் தெரியும். அதற்குத் தேவையான மூலப்பொருள் அத்தனையும் அந்த ஒரே கோப்பில் இருந்தது.

பவர் எழுதிக் கொடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் சில தரகர்கள், "நீங்க எதுக்கு சார் லீவு போட்டு வர்றீங்க, என் பேர்ல ஒரு பவர் போட்டுடுங்க" என்கிறார்கள். விற்கும் அதிகாரத்தையும் பணம் பெறும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுக்கும் பொது அதிகார ஆவணம் அது. தரகர் ஒரு தொகையை முன்னதாகக் கொடுத்து, அதை ஆவணத்திலும் எழுதிக்கொண்டுவிட்டால், அவருக்கே அந்தச் சொத்தில் ஒரு நலன் உண்டாகிவிட்டது என்று காட்டி, ஒப்பந்தச் சட்டத்தின் 202-ஆம் பிரிவின்படி அந்த அதிகாரத்தை ரத்து செய்ய முடியாது என்று அவர் வாதாட இடம் ஏற்படுகிறது. பவர் எழுதத்தான் வேண்டும் என்றால் உடன்பிறந்தவருக்கோ நெருங்கிய உறவினருக்கோ எழுதலாம். கமிஷன் வாங்கும் ஒருவருக்கு எழுதவே கூடாது. இதை விற்பவர்களுக்கு எடுத்துச் சொல்ல இன்று ஓர் அதிகாரபூர்வக் குரல் இல்லை.

மற்ற இடங்களில் என்ன செய்திருக்கிறார்கள் என்பதைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். ஹரியானா மாநிலம், மத்தியச் சட்டம் வருவதற்கு முன்பே, 2008-இல் சொத்துத் தரகர்களுக்கு உரிமம் வழங்கத் தனிச்சட்டம் இயற்றியது. மகாராஷ்டிர ரெரா 2023-இல் முகவர்களுக்குப் பயிற்சியையும் தேர்வுச் சான்றிதழையும் கட்டாயமாக்கியது. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரில் 2010-இல் வந்த சட்டத்தின் கீழ் அமைந்த மன்றம், மறுவிற்பனை உட்பட அனைத்துக்கும் முகவர்களைப் பதிவு செய்கிறது. அங்கே ஒரே விற்பனையில் இரு தரப்புக்கும் ஒருவரே முகவராக இருக்க முடியாது. வீடு விற்பனைப் பணத்தை முகவர் கையால் தொடக் கூடாது. ஒருவரிடம் மட்டும் ஒப்படைக்கும் தனி ஒப்பந்தத்தை மூன்று மாதத்துக்கு மேல் நீளாதபடிதான் எழுத முடியும். மகன் சிங்கப்பூரில் இத்தனை பாதுகாப்போடு வீடு விற்கிறான். தாய் இங்கே வாய்ப்பேச்சை நம்பி விற்கிறார்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள்களை வைக்கிறேன். சட்டத்தின் 32-ஆம் பிரிவு, இத்துறை வெளிப்படையாக நடக்கத் தேவையானவற்றை அரசுக்குப் பரிந்துரைக்கும் பொறுப்பைத் தங்களுக்கு அளித்திருக்கிறது. மறுவிற்பனைத் தரகையும் பதிவுக்கும் ஒழுங்குக்கும் உட்படுத்தும் மாநிலச் சட்டம் ஒன்றை அந்தப் பிரிவின் கீழ்த் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். இதற்குக் காலம் பிடிக்கும் என்பதை அறிவேன்.

காத்திருக்கத் தேவையில்லாதது ஒன்று உண்டு. விற்பவருக்கும் தரகருக்கும் இடையிலான மாதிரி ஒப்பந்தம் ஒன்றை, இரண்டு பக்கத்துக்கு மிகாமல், எளிய தமிழில் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். கமிஷன் எத்தனை விழுக்காடு என்பதோடு ஜி.எஸ்.டி.யும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு இரண்டு விழுக்காடு என்றால் 1,60,000 ரூபாய். பதிவு பெற்ற நிறுவனமாக இருந்து 18 விழுக்காடு வரி சேர்ந்தால் 1,88,800 ரூபாய். இந்த 28,800 ரூபாய்க்காகப் பத்திரப் பதிவு அன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் சண்டை நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். கமிஷன் பத்திரம் பதிவான பிறகே தரத்தக்கது என்பதும், டோக்கன் அட்வான்ஸ் உட்பட எந்தத் தொகையும் விற்பவரின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே வர வேண்டும் என்பதும், வாங்குபவர் கொடுக்க முன்வந்த விலை எதுவானாலும் அதை எழுத்தில் விற்பவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும், ஆவண நகல்களை விற்பவரின் சம்மதமின்றிப் பிறருக்கு அனுப்பக் கூடாது என்பதும் அதில் இடம்பெற வேண்டும். கால வரம்பும் அவசியம். எழுத்தில் எதுவும் இல்லாததால்தான் விற்பவர்கள் ஒரே வீட்டை ஐந்து தரகர்களிடம் சொல்லிவைக்கிறார்கள். அது ஐந்து விலைகளில் விளம்பரமாகிறது. கடைசியில் ஒரே வாங்குபவரை நான்தான் கூட்டிவந்தேன் என்று இருவர் கமிஷன் கேட்கிறார்கள். மூன்று மாதம் ஒருவருக்கு, நடக்காவிட்டால் கேள்வியின்றி விலகலாம் என்று எழுதிக்கொள்ள முடிந்தால் பெரும்பாலோர் ஒருவரோடு நிறுத்திக்கொள்வார்கள்.

மாதிரி ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொல்லப்படலாம். தங்களிடம் பதிவு பெற்ற முகவர்களுக்குக் கட்டுப்படுத்தும் உத்தரவுகள் பிறப்பிக்க 37-ஆம் பிரிவு தங்களுக்கு அதிகாரம் தருகிறது. மறுவிற்பனைக்கு ரெரா பதிவு எண்ணைக் காட்டும் முகவர், இந்த விற்பனை குழுமத்தின் வரம்புக்குள் வராது என்பதை எழுத்தில் விற்பவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டாலே, நான் மேலே சொன்ன தவறான நம்பிக்கை பெருமளவு நீங்கிவிடும். 34-ஆம் பிரிவின் கீழ், பதிவு பெற்ற முகவர்களையும் பதிவு ரத்தானவர்களையும் தாங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டியிருக்கிறது. அந்தப் பட்டியலைத் தமிழில், பகுதி வாரியாக, பெயரைச் சரியாக எழுத்துக்கூட்டத் தெரியாதவரும் கைப்பேசியில் தேடிப் பார்க்கும்படி அமைத்துத் தர வேண்டுகிறேன்.

தரகர்களுக்கு எதிராக நான் எழுதவில்லை. எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் வழியாக நான்கு வீடுகள் விற்றிருக்கின்றன. ஒருவரும் குறை சொன்னதில்லை. அடுக்ககக் காவலாளிகளும் மளிகைக் கடைக்காரர்களும் இந்தத் தொழிலில் ஒரு பங்கு சம்பாதிக்கிறார்கள். அந்த வருமானம் அவர்களுடைய பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாகிறது. வரப்போகும் எந்தச் சட்டமும் கட்டணத்தாலும் காகிதத்தாலும் இவர்களை வெளியேற்றிவிட்டு, கண்ணாடி அலுவலகம் வைத்திருப்பவர்களிடம் தொழிலை ஒப்படைப்பதாக இருந்துவிடக் கூடாது. சிறு தரகருக்குச் சிறு கட்டணம், தமிழில் ஒரே பக்க விண்ணப்பம், அரை நாள் பயிற்சி போதும். நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் இதை வரவேற்பார்கள் என்பதை அவர்களோடு பேசிப் பார்த்தே சொல்கிறேன். நெட் ரேட் பேசுபவரால் தமக்கும் கெட்ட பெயர் என்ற வருத்தம் அவர்களுக்கு நிறையவே இருக்கிறது.

குடியிருப்போர் சங்கங்களையும் தரகர் சங்கங்களையும் ஒரே நாளில் அழைத்து இது குறித்துக் கருத்துக் கேட்பதற்கு ஏற்பாடு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நாள் குறித்தால், எங்கள் பகுதியில் நடந்த விற்பனைகளில் மக்கள் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிய கமிஷன் ஒப்பந்தங்களின் நகல்களை, பெயர்களை மறைத்து, தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறோம். மாதிரிப் படிவத்தின் முதல் வரைவை எழுதித் தரவும் எங்கள் சங்கத்தில் ஓய்வு பெற்ற வழக்கறிஞர்களும் வங்கி அதிகாரிகளும் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்கு மாம்பலம் அடுக்ககக் குடியிருப்போர் சங்கப் பொறுப்பாளர் ஒருவர்
சென்னை